கிரண்ஜித் அலுவாலியா - படமும் வரலாறும்

2007ல் திரைக்கு வந்த 'ப்ரொவோக்ட்' என்ற ஆங்கிலப் படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். ஐஸ்வர்யா ராய் நடித்தது, இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். அதற்காகத்தான் பார்க்கவே உட்கார்ந்தேன். பிடிக்காவிட்டால் பாதியில் அணைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் என்ன ஆயிற்று என்றால், படம் முடிந்த பிறகும் ராத்திரி இரண்டு மணி வரை அதைப் பற்றியே தேடித் தேடிப் படித்துக் கொண்டிருந்தேன். மறுநாள் காலை காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வு வேறு!

படம் ஒரு உண்மைக் கதை. படத்தில் இருப்பதைவிட உண்மையில் நடந்ததில் விஷயம் அதிகம். அதை எழுதலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

யார் இந்த கிரண்ஜித்?

கிரண்ஜித் அலுவாலியா 1955ல் பஞ்சாபில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உடன்பிறந்தவர்கள் ஆதரவில் வளர்ந்தவர். 1979ல் திருமணமாகி இங்கிலாந்து போனார். இரண்டு ஆண் குழந்தைகள். பத்து வருடம் அடியும் உதையும்தான் வாழ்க்கை. நடுவில் இரண்டு முறை நீதிமன்றம் போய், கணவன் தன்னைத் தாக்கக் கூடாது என்று தடை உத்தரவுகூட வாங்கியிருக்கிறார். அடி நிற்கவில்லை. சொந்தக்காரர்களோ குடும்ப மானம் என்று சொல்லி, பொறுத்துப் போகச் சொன்னார்கள். பஞ்சாப் ஆனால் என்ன, பள்ளிபாளையம் ஆனால் என்ன, இந்த ஒரு வசனம் மட்டும் எல்லா மொழியிலும் இருக்கிறது!

1989 மே 9ஆம் தேதி இரவு, பணம் கேட்டு மிரட்டிய கணவன் சூடான இஸ்திரிப் பெட்டியை அவர் முகத்தருகே கொண்டு வந்தான். அன்று நள்ளிரவுக்குப் பிறகு, தூங்கிக் கொண்டிருந்த கணவன் மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார் கிரண்ஜித். ஆறு நாளில் அவன் இறந்து போனான். அதே ஆண்டு டிசம்பரில் கொலைக் குற்றத்துக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு உயிர் போயிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் முக்கியம்.

சட்டம் பார்த்த ஒரே ஒரு இரவு

ஒருவர் ஆத்திரமூட்டப்பட்டுக் கொன்றுவிட்டால், அதைக் கொலையிலிருந்து குறைந்த குற்றமாக எடுத்துக்கொள்ள ஆங்கிலச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் 1949ல் டஃபி என்ற வழக்கில் ஒரு நிபந்தனை உறுதியானது. ஆத்திரம் 'திடீரென்று' வந்திருக்க வேண்டும். கொடுமை என்னவென்றால், அந்த டஃபியும் கணவனிடம் அடி வாங்கிய ஒரு மனைவிதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பலசாலி ஒருவன் கோபம் வந்த நொடியிலேயே கையை ஓங்கிவிடுவான். அவனுக்கு இந்தச் சலுகை கிடைக்கும். அவனிடம் அடி வாங்கும் பெண்ணால் அந்த நொடியில் எதிர்த்து நிற்க முடியுமா? அவன் தூங்கும் வரை காத்திருந்தால் 'திட்டமிட்ட கொலை' ஆகிவிடும்.

வணிகவியல் படிப்பவனுக்கு இது எப்படித் தெரிகிறது என்றால், பேரேட்டில் கடைசிப் பதிவை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கை முடிப்பது போல! பத்து வருடத் தொடக்க இருப்பு எங்கே போயிற்று?

சவுத்தால் பெண்கள்

லண்டனில் நம் நாட்டவர் அதிகம் வாழும் பகுதி சவுத்தால். அங்கே ஆசிய, ஆப்பிரிக்க-கரீபியப் பெண்கள் சேர்ந்து 1979ல் தொடங்கிய அமைப்பு 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்'. பிரக்னா பட்டேல் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். படத்தில் நந்திதா தாஸ் வருவாரே, அவர் இந்த அமைப்பைச் சேர்ந்தவராகத்தான் நடித்திருக்கிறார்.

இவர்கள் கிரண்ஜித்தைச் சிறையில் போய்ப் பார்த்தார்கள். அவர் மொழியில் பேசினார்கள், நடந்ததை முழுதாகக் கேட்டார்கள், வெளியே ஊர்வலம், கையெழுத்து என்று போராடினார்கள். 1992 ஜூலை 31ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. செப்டம்பர் 25ல், கொலை அல்லாத மரணம் விளைவித்தல் என்று முடிவாகி, 3 வருடம் 4 மாதம் தண்டனை கிடைத்தது. அதை அவர் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்ததால் அன்றே விடுதலை.

படம் பார்த்தவர்களில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 'ப்ரொவோக்ட்' என்றால் ஆத்திரமூட்டப்பட்டவள். ஆனால் அந்த வாதம் மேல்முறையீட்டில் ஜெயிக்கவே இல்லை! முதல் விசாரணையில் முன்வைக்கப்படாத மன அழுத்தம் பற்றிய மருத்துவச் சான்றுதான் அவரைக் காப்பாற்றியது. ஆனாலும், அடிக்கும் பதிலடிக்கும் நடுவே நேரம் கடந்தது என்பதற்காக மட்டும் வாதத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அவருக்குப் பின்னால் 1995ல் எம்மா ஹம்ஃப்ரீஸ், 1996ல் சாரா தோர்ன்டன் என்று இதே போன்ற வழக்கில் சிக்கிய பெண்கள் வெளியே வந்தார்கள். கடைசியில் 2009ல் புதுச் சட்டம் இயற்றி, 2010 முதல் 'திடீரென்று' என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள்.

கிரண்ஜித் நினைத்திருந்தால் பெயரை மாற்றிக்கொண்டு எங்காவது நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் ரஹிலா குப்தாவுடன் சேர்ந்து 1997ல் தன் கதையைச் சொந்தப் பெயரிலேயே புத்தகமாக எழுதினார். படமே அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். தன்னைப் போல் மாட்டிக்கொண்ட இன்னொரு பெண் அதைப் படித்து, தான் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது?

அதே 1989, சென்னை

தேடும்போது கிடைத்த இன்னொரு செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கிரண்ஜித் சிறைக்குப் போன அதே 1989ல், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் விழுந்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கு அது. சிறுகச் சிறுகச் சேர்ந்த கொடுமையையும் சட்டம் கணக்கில் எடுக்க வேண்டும், கடைசியாக நடந்தது அற்பமான விஷயமாகக்கூட இருக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த மனநிலைக்கு அது பயன்படுத்திய பெயர் நல்லதங்காள்!

அம்மாயி எனக்குச் சொன்ன கதை அது. பஞ்சம் பிழைக்க ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள் நல்லதங்காள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள். பிறகுதான் கிணறு. சின்ன வயதில் கிணற்றை நினைத்துத்தான் பயப்படுவேன். இப்போது கதவுதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் தெரு

எங்கள் ஊர் பள்ளிபாளையம். வீட்டுக்கு வீடு விசைத்தறி. தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. 2012ல் நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது கரண்ட் கட் பாடாய்ப் படுத்தியது. கரண்ட் போனால் தறி நின்றுவிடும். அப்போதுதான் இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா அழும் சத்தம் கேட்கும். தெருவுக்கே கேட்கும். "அவங்க ஊட்டு விசயம், நமக்கெதுக்கு, நீ படி சாமி" என்பார் அம்மா. கரண்ட் வந்ததும் தறி ஓடும். எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நேரத்தில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது (2005ல் இயற்றியது, 2006 அக்டோபர் 26 முதல் அமல்). அதன்படி பாதிக்கப்பட்ட பெண்ணே போக வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. மனைவியை வீட்டை விட்டு வெளியே தள்ளவும் முடியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்போமா என்பது வேறு கேள்வி.

அந்த அக்கா தனியாகத்தான் போனார். முதல் நாள் ஒரு காவல் நிலையத்தில் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுபடி போனார். ஒரு வருடம் அலைந்து ஜீவனாம்ச உத்தரவு வாங்கினார். இப்போது அதே தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். இதுவரை இரண்டு பெண்களை அவரே பஸ் ஏற்றி நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போய், சமூக நல அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

படம் பார்த்த மறுநாள் அவரிடம் கேட்டேன், "ஏனுங்க்கா, உங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க்கா?" என்று.

"நான் போனப்ப கூட வர ஆளில்ல கண்ணு. அதான்" என்றார் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

181 என்பது பெண்களுக்கான உதவி எண். போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தறிச் சத்தம் நிற்கும்போது தேவைப்படலாம்.