முயலுக்குப் பின்கால்கள் செயலிழந்துவிட்டால் என்ன செய்வது? முதல் மணி நேரம் முதல் தினசரி பராமரிப்பு வரை

ராத்திரி புல் போட்டபோது நன்றாகத்தான் இருந்தது. காலையில் கூண்டைத் திறந்தால், உங்கள் முயல் முன்கால்களை மட்டும் ஊன்றி, பின்பாதி உடலைத் துணிமூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. நீங்கள் இருப்பது நெய்யாற்றின்கரை பக்கம் ஆரியங்கோட்டில். எட்டு மணிக்கு டெக்னோபார்க்குக்குக் கிளம்ப வேண்டும். வீட்டில் பெரியவர்கள் அதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "இனி இது தேறாது."

சில நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும். ஆனால் காரணம் தெரியாமல், முதல் நாளிலேயே அதைச் சொல்ல முடியாது. பின்கால் செயலிழப்பு என்பது ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அதைப் பொறுத்து சில முயல்கள் சில வாரங்களில் மறுபடி நடக்கின்றன. சில முயல்கள் நடக்காமலேயே நீண்ட காலம் வாழ்கின்றன. சிலவற்றை வலியில்லாமல் வழியனுப்புவதுதான் நல்லது. கால் வராததால் மட்டுமே முயல் செத்துப்போவது குறைவு. வெளியேறாத சிறுநீர், நின்றுபோன குடல், ஈரமான முடியில் முட்டையிடும் ஈ, பெரும்பாலும் இவைதான் கொல்கின்றன. இந்த மூன்றையும் கவனிப்பது டாக்டரை விட அதிகமாக உங்கள் வேலை.

முதல் ஒரு மணி நேரம்

முதலில், தூக்காதீங்க. காதைப் பிடித்துத் தூக்குவது எப்போதுமே தவறு. இப்போது மடியில் எடுத்து வைப்பதும் ஆபத்து. முதுகெலும்பு உடைந்திருந்தால், ஒரு தடவை துள்ளினாலே பாதி போன நரம்பு முழுதாகப் போய்விடும். ஒரு தடிமனான டவலை மெதுவாக உடம்புக்கு அடியில் நகர்த்தி, டவலோடு சேர்த்து ஒரு அட்டைப்பெட்டிக்கு மாற்றுங்கள். பக்கங்களில் சுருட்டிய துணி வைத்தால் பெட்டிக்குள் உருளாது. ஸ்கூட்டர் வேண்டாம். அந்த ரோட்டுப் பள்ளங்கள் உங்களுக்கே தெரியும். ஆட்டோ அல்லது கார், மெதுவாக.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீங்க. மனிதர்களுக்கான இப்யூபுரூஃபன் மாதிரி மருந்துகள் முயலின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் ஆண்டிபயாட்டிக்கும் கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, சில நாட்களில் உயிரையே எடுக்கலாம். உண்ணிக்காக நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் மருந்தையும் முயல் மேல் போடக் கூடாது.

பட்டினி போடவும் வேண்டாம். புல்லும் தண்ணீரும் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். முயலுக்கு வாந்தி வராது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய உயிர் அது.

ஏன் இப்படி ஆகிறது?

அதிகம் பார்க்கப்படும் காரணம் அடி. வெளியே இருந்து விழும் அடி மட்டும் இல்லை. முயல் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். அதன் எலும்புக்கூடு உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான். பூனைக்கு அது 12, 13 சதவீதம். ஆனால் உதைக்கும் தசை மட்டும் பயங்கர பலம். ராத்திரி நாய் குரைத்து மிரண்டாலோ, குழந்தை கையில் இருந்து திமிறினாலோ, பின்கால்கள் முழு வேகத்தில் உதைக்கின்றன. அந்த விசை கீழ்முதுகில் இறங்குகிறது. இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு, அதாவது ஏழாவது, உடைவது இதனால்தான் அதிகம். இதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

இரண்டாவது காரணம் ஒரு ஒட்டுண்ணி: என்செஃபாலிடோசூன் கனிகுலை. 1922-இல் ரைட், கிரெய்க்ஹெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை முதன்முதலில் விவரித்ததே வாதம் வந்த இளம் முயல்களில்தான். நூறு வருடம் தாண்டியும் முயல் வளர்க்கும் பலர் இந்தப் பெயரைக் கேட்டதில்லை. பாதிக்கப்பட்ட முயலின் சிறுநீர் வழியாகப் பரவி சிறுநீரகம், மூளை, கண் ஆகிய இடங்களில் தங்கும். தலை ஒரு பக்கம் சாய்வது, கண்ணில் வெண்படலம், பின்கால் தளர்ச்சி எல்லாம் வரலாம். பல முயல்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்துகொண்டிருக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று வந்தாலும், "அதுதான் காரணம்" என்று அடித்துச் சொல்ல முடியாது. வராவிட்டால், இது காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வழக்கமான சிகிச்சை ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 28 நாட்கள். ஒன்றே முக்கால் கிலோ முயலுக்கு அது ஒரு நாளைக்கு 35 மி.கி. மாட்டுக்கு வரும் மாத்திரையை உடைத்துக் கண்ணளவில் கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்தக் கணக்கே சொல்லும். டாக்டர் எழுதித்தரும் அளவில், சிரிஞ்சில் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

வயதான முயல் என்றால் முதுகெலும்புத் தேய்மானமும் மூட்டுவாதமும் இருக்கும். அவை ஒரே ராத்திரியில் வராது. "கொஞ்ச நாளா குதிக்காம இருந்துச்சு" என்று பிறகுதான் நினைவு வரும். குட்டியின் கால் பக்கவாட்டில் விரிந்து கிடந்தால், அது பிறவிக் கோளாறாகவோ வழுக்கும் தரையில் வளர்ந்ததாலோ இருக்கலாம். வெயிலில் சுருண்டு விழுந்த முயலையும், கால் எலும்பு மட்டும் உடைந்த முயலையும் வாதம் என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு.

எங்கே போவது?

உள்ளூர் கால்நடை மருத்துவமனைகள் முக்கியமாக மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகியவை. அதனால் கிளம்பும் முன்னே போன் செய்து கேளுங்கள்: முயல் பார்ப்பீர்களா, எக்ஸ்ரே இருக்கிறதா, இன்று டாக்டர் இருக்கிறாரா. மலையாளத்தில் பேசினாலும் பிரச்னை இல்லை, முயல் அங்கேயும் முயல்தான். பக்கவாதத்துக்கு அவர்கள் சொல் 'தளர்வாதம்'. உயர் வசதிக்குத் திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் அரசின் பல்துறை கால்நடை மருத்துவமனை இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. இரு மாநிலங்களிலும் நடமாடும் கால்நடை மருத்துவ உதவிக்கு ஒரே எண், 1962.

சில இடங்களில் "கழிச்சிடுங்க" என்ற பதில் முதலிலேயே வரலாம். பண்ணைக் கணக்கில் அது நியாயம். அங்கே நடக்காத முயல் நஷ்டம். உங்கள் வீட்டு முயல் அந்தக் கணக்கில் வராது என்று தயங்காமல் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: ஆழ்ந்த வலி உணர்ச்சி இருக்கிறதா? டாக்டர் பின்கால் விரலை அழுத்திப் பார்ப்பார். கால் சுருங்குவது மட்டும் போதாது, அது மூளைக்குப் போகாமலே நடக்கும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். முயல் தலையைத் திருப்புகிறதா, திமிறுகிறதா என்பதுதான் விஷயம். உணர்ச்சி இருந்தால் காத்திருக்கக் காரணம் உண்டு. முதுகெலும்பு உடைந்து, உணர்ச்சியும் அறவே இல்லை என்றால் மறுபடி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

வீட்டில் என்ன செய்வது?

சிறுநீரில் இருந்து ஆரம்பிப்போம். முயல் உணவில் உள்ள உபரி கால்சியத்தைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். பை முழுதாகக் காலியாகாவிட்டால் அது சுண்ணாம்புக் குழம்பு மாதிரி அடியில் படியும். சில முயல்களுக்குச் சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் "நல்லா போகுதே" என்று நினைப்பார்கள். அது நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். பையைக் கையால் மெதுவாக அழுத்திக் காலி செய்ய ஒரு முறை இருக்கிறது. அதை டாக்டர் உங்கள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். வீடியோ பார்த்துச் செய்யாதீங்க, பை கிழிந்துவிடும்.

அடுத்தது புழுக்கை. முயல் தினமும் ஒருவகை மென்மையான புழுக்கையை ஆசனவாயில் இருந்தே எடுத்துத் தின்னும், திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். அதில்தான் பி வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. முதுகு வளையாத முயலுக்கு அது எட்டாது. நசுங்கி முடியில் ஒட்டும், நாறும், ஈ வரும். அதைக் கண்டால் எடுத்து வாய்க்கு முன்னால் வையுங்கள். அருவருப்பாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும்.

இந்தப் பகுதியில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரக்காற்றும் ஈயும் குறைவதே இல்லை. ஈ இட்ட முட்டை ஒரே நாளுக்குள் புழுவாகி, உயிரோடு இருக்கும் தோலைத் துளைக்கும். வாதம் வந்த முயலுக்கு அங்கே அரிப்பது தெரியாது. காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பார்ப்பதை ஒருநாள்கூட விடக் கூடாது. பின்பக்க முடியைக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். நனைந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி, முழுக்க உலர்த்துங்கள். முழுக் குளியல் முயலை அதிர்ச்சியில் தள்ளும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பாசத்தோடு பூசப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைக்கும், முயல் நக்கியும் விடும். ஒரு புழுவைக் கண்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

கம்பி வலைக் கூண்டு இனி ஆகாது. அடியில் ஈரம் உறிஞ்சும் பேட், மேலே ஈரத்தைக் கீழே விட்டுவிடும் ஃபிளீஸ் துணி. தானாகத் திரும்ப முடியாத முயலைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் எலும்பு துருத்தும் இடத்தில் புண் வரும். காது சுத்தம் செய்வதையும் பலர் மறக்கிறார்கள். முயல் பின்காலால்தான் காதைச் சொறியும். அந்த வேலை இப்போது உங்களுடையது. தேயாத நகமும் அப்படித்தான்.

என்ன கொடுப்பது?

இறக்குமதியாகும் டிமோத்தி புல் ஆன்லைனில் விலை அதிகம். அருகம்புல், கினியா புல், முள்முருங்கை இலை எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. மருந்து அடித்த இடத்தில் பறிக்காமல் இருந்தால் போதும். மரச்சீனி இலையும் ரப்பர் இலையும் கூடவே கூடாது, இரண்டிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. இந்த ஊரில் வேலி தாண்டினால் இரண்டும் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ 12 மணி நேரம் ஆனால் அது அவசர நிலை. டாக்டர் சொன்னால், முயல் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறிய பிறகு, வாயின் பக்கவாட்டில் சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

எடையைச் சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். நான் தரவுச் செய்தியாளர், எதற்கும் ஒரு ஷீட் போடுவது என் நோய். ஆனால் இதில் அது உண்மையிலேயே உதவும். எடை, தின்ற அளவு, புழுக்கை, சிறுநீர், மருந்து என ஐந்து நிரல்கள். "பரவாயில்லாம இருக்கு டாக்டர்" என்று சொல்வதை விட அந்த ஷீட்டைக் காட்டுவது நல்லது.

சக்கர வண்டி, பயிற்சி?

டாக்டர் அனுமதித்த பிறகு, பின்கால் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டலாம். வயிற்றுக்கு அடியில் டவல் கொடுத்துத் தூக்கி நிற்க வைக்கலாம். எலும்பு உடைந்த முயலுக்கு ஆரம்ப வாரங்களில் அசையாத ஓய்வுதான் மருந்து. சிறிய சக்கர வண்டிகள் கிடைக்கின்றன, பிவிசி குழாயில் செய்துகொள்பவர்களும் உண்டு. முன்கால்கள் பலமாக இருந்தால், அருகில் ஆள் இருக்கும்போது, சிறிது நேரம் மட்டும்.

நிறுத்துவது எப்போது?

ஒரு நேர்மையான கேள்வி: நீங்கள் ஷிஃப்டுக்குப் போகும் பத்து மணி நேரம் யார் பார்ப்பார்கள்? அம்மாவின் தலையில் முழுதாக விழுந்தால் அது ஏற்பாடு ஆகாது. அவரோடு உட்கார்ந்து பேசி, யார் எந்த வேளை என்று பிரியுங்கள். ஆள் இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீங்க.

புல்லைக் கண்டு முகம் திரும்புகிறதா, முகத்தைக் கழுவிக்கொள்கிறதா, உங்கள் சத்தத்துக்குக் காது அசைகிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் முயலுக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது. மருந்துக்கும் அடங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கூனி உட்கார்வது, தின்ன மறுப்பது, திரும்பத் திரும்பப் புண் என்று போனால், கருணைக்கொலை பற்றி நீங்களே பேச்சை எடுக்கலாம். முதலில் மயக்கம் கொடுத்து, பிறகு ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். கூட இருக்க விருப்பமா என்று உங்களைக் கேட்கவும் சொல்லுங்கள்.

வீட்டில் இன்னொரு முயல் இருந்தால், கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உடலை வையுங்கள். ஒட்டுண்ணிதான் காரணம் என்றால் கூண்டைக் கொதிநீரில் கழுவி, அந்த முயலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஜோடி போன முயல் தீனியை நிறுத்துவது உண்டு. அன்று ராத்திரி அது புல் தின்றதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.