பியெல்யினா: மறைக்க முடியாத சாட்சியம்

1992 ஏப்ரல் மாதத் தொடக்கம். போஸ்னியாவின் வடகிழக்கில், செர்பிய எல்லையை ஒட்டி அமைந்த நகரம் பியெல்யினா. முஸ்லிம்களும் செர்பியர்களும் தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்த அந்நகருக்குள் ‘ஆர்கான்’ என அறியப்பட்ட ஷெல்கோ ரஷ்னாத்தோவிச்சின் ஆயுதக் குழு நுழைந்தது. நகரை விடுவிக்க வந்திருப்பதாக அவர்கள் கூறிக்கொண்டனர்.

அக்குழுவுடன் ரான் ஹவீவ் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரரும் இருந்தார். முந்தைய ஆண்டு, புலிக்குட்டி ஒன்றை ஏந்தி நின்ற ஆர்கானை அவர் படமெடுத்திருந்தார். அந்தப் படம் ஆர்கானுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. உடன்வர அனுமதி கிடைத்தது அந்த அறிமுகத்தால்தான்.

நகரத் தெருவில் முஸ்லிம் குடும்பமொன்றைச் சேர்ந்த ஓர் ஆணும் இரு பெண்களும் சுட்டு வீழ்த்தப்பட்டனர். படமெடுக்கக் கூடாது என்று ஹவீவை வீரர்கள் தடுத்தனர். விழுந்து கிடப்பவர்களை மட்டும் படமெடுத்தால், கொன்றவர் யார் என்ற கேள்விக்கு ஆயிரம் பொய்கள் விடையாக வரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே சட்டகத்துக்குள் வரும் கணத்துக்காகக் காத்திருந்து, சில படங்களை எடுத்துவிட்டுக் கருவியைத் தாழ்த்திக்கொண்டார். அவற்றில் ஒன்று உலகறிந்தது: தலைமீது கறுப்புக் கண்ணாடி, விரலிடுக்கில் சிகரெட், தரையில் கிடக்கும் பெண்ணை உதைக்கக் காலை ஓங்கி நிற்கிறான் ஓர் இளைஞன். பின்னர் ஆர்கான் படச்சுருளைக் கேட்டபோது, கருவியிலிருந்ததை மட்டும் கொடுத்து, மறைத்து வைத்திருந்ததை ஹவீவ் காப்பாற்றினார்.

படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளியாயின. ஆனால் உலகம் அசையவில்லை. சில நாட்களிலேயே சரயேவோ முற்றுகைக்குள்ளானது. போர் மூன்றரை ஆண்டுகள் நீடித்து, ஏறத்தாழ ஒரு லட்சம் உயிர்களைக் குடித்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

அப்படியானால் அந்தப் படத்தால் என்ன பயன்? முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 1993இல் அமைக்கப்பட்டது. அதன் வழக்குகளில் ஹவீவின் படங்கள் சான்றுகளாக முன்வைக்கப்பட்டன. 1997இல் தீர்ப்பாயம் ஆர்கான் மீதும் குற்றஞ்சாட்டியது. எனினும், விசாரணையை எதிர்கொள்ளாமலேயே 2000 ஜனவரியில் அவர் பெல்கிரேடில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓர் உயிரையும் அந்தப் படம் மீட்கவில்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லும் வழியை அது அடைத்துவிட்டது.

படத்தின் வலிமை அதிலுள்ள குருதியால் வந்ததன்று. எடுத்தவர் யார், இடம் எது, காலம் எது என்ற கேள்விகளுக்கெல்லாம் அதற்கு விடை இருந்தது; எடுத்தவர் தம் பெயருடன் அதற்குப் பொறுப்பேற்று நின்றார். இன்று ஏதோ ஒரு நாட்டில், என்றோ எடுக்கப்பட்ட படத்தை இன்றைய கொடுமையெனப் பகிர்கிறோம். நோக்கம் இரக்கமாகவே இருக்கலாம். ஆயினும் அப்படியொரு படம் பொய்யென அம்பலமாகும்போது, மெய்யான படமும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாகிறது. கொடுமை செய்தவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

சாட்சியத்தை மறைப்பதைப் பாவமாகவும், வந்த செய்தியைத் தீர விசாரிப்பதைக் கடமையாகவும் கற்ற சமூகம் நாம். பகிர்வதற்கு முன் ஒரு கணம் நின்று விசாரிப்பது, பியெல்யினாவின் அந்தத் தெருவில் விழுந்து கிடந்தவர்களுக்கு நாம் செய்யும் சிறு நீதியாகும்.