சேமிப்புப் புத்தகமும் எல்லைக்கோடும்: சோவியத் ஏக்கத்தின் இரு பொருள்கள்

1992 மார்ச் 17 அன்று, மாஸ்கோவுக்குத் தெற்கே வொரோனொவோ என்ற ஊரில், சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேராயத்தின் முன்னாள் உறுப்பினர்கள் சிலர், கலைக்கப்பட்ட ஒன்றியத்தை மீட்கக் கூடினர். 2,250 இடங்கள் கொண்டிருந்த பேராயத்தில் வந்து சேர்ந்தோர் மிகச் சிறு பகுதியினரே. மின்சாரம் இல்லாததால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூட்டம் நடந்தது. தலைமை ஏற்றவர் சாஜி உமலாத்தோவா. குரோஸ்னி நகர ஆலையில் பற்றவைப்புத் தொழிலாளியாக இருந்தவர், செச்சென் இனத்தவர். 1944இல் ஸ்டாலின் ஆட்சி செச்சென் மக்களை ஒட்டுமொத்தமாகக் கஜகஸ்தானுக்கும் கிர்கீசியாவுக்கும் நாடுகடத்தியது. உமலாத்தோவா பிறந்ததும் கஜகஸ்தானில்தான். தம் மக்களை வேரோடு பெயர்த்தெறிந்த ஓர் அரசை மீட்க ஒருவர் அந்த வெளிச்சத்தில் அமர்ந்தார் என்றால், அவர் மீட்க விரும்பியது எதை?

அரசியல் ஏக்கத்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஸ்வெத்லானா பாய்ம் 2001இல் முன்வைத்த பகுப்பிலிருந்து தொடங்குவர். இழந்ததை அப்படியே மறுபடி கட்டியெழுப்ப முனைவது ஒருவகை ஏக்கம். இழப்பை இழப்பாகவே ஏற்று அசைபோடுவது மற்றொரு வகை. பயனுள்ள பகுப்புதான். ஆனால் மக்கள் எவ்வாறு ஏங்குகின்றனர் என்பதையே அது வகைப்படுத்துகிறது. எதற்காக ஏங்குகின்றனர் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. சோவியத் ஏக்கத்துக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்று, வேலை, வீடு, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்கு அரசு அளித்த உத்தரவாதம். மற்றொன்று, பரந்த எல்லைகொண்ட வல்லரசின் பெருமிதம். மீட்சி அரசியல் முதலாவதன் பெயரால் ஆதரவு திரட்டி, இரண்டாவதற்கே அதைச் செலவிட்டது.

வாக்கெடுப்பு சொன்னதும் சொல்லாததும்

மீட்சி இயக்கங்கள் அனைத்தும் கையில் ஏந்தும் சான்று 1991 மார்ச் 17 வாக்கெடுப்பு. வாக்களித்தோரில் 76.4 விழுக்காட்டினர் ஒன்றியம் நீடிக்க ஆதரவளித்தனர். மக்கள் வேண்டாம் என்று சொல்லாத நாட்டை அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று பெலவேஷா காட்டு மாளிகையில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்களான யெல்த்சின், கிராவ்சுக், ஷுஷ்கேவிச் ஆகியோர் கையெழுத்திட்டுக் கலைத்தனர் என்பது அவ்வியக்கங்களின் முறையீடு. 1996 மார்ச் 15 அன்று, கம்யூனிஸ்டுகள் முதன்மை பெற்றிருந்த ரஷ்ய நாடாளுமன்றக் கீழவையான துமா, அந்த வாக்கெடுப்பு இன்னும் சட்டவலிமை உடையது என்றே தீர்மானம் இயற்றியது.

முறையீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அது மூன்று செய்திகளை விட்டுவிடுகிறது. பால்டிக் நாடுகள் மூன்று, ஜார்ஜியா, ஆர்மீனியா, மால்டோவா ஆகிய ஆறு குடியரசுகளின் அரசுகள் அந்த வாக்கெடுப்பை நடத்த மறுத்தன. டிசம்பர் 1 அன்று உக்ரைனில் வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விடுதலையை ஏற்றனர். எல்லாவற்றையும்விட, மார்ச் மாதத்தில் மக்கள்முன் வைக்கப்பட்ட வினா பழைய அரசைப் பற்றியதே அன்று. சம இறைமையுள்ள குடியரசுகளின் புதுப்பிக்கப்பட்ட கூட்டாட்சியை, எந்த இனத்தவரின் உரிமையும் முழுமையாகக் காக்கப்படும் ஒன்றியத்தை, அது குறித்தது. அப்படியொரு நாடு அதற்குமுன் இருந்ததில்லை. வாக்காளர் ஆமென்றது ஒரு வாக்குறுதிக்கு. மீட்சி இயக்கங்கள் அதை இறந்துபோன அரசுக்கான உரிமைப் பத்திரமாகத் திருத்தி எழுதிக்கொண்டன.

கரைந்துபோன சேமிப்பு

1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கானது. மகளின் திருமணத்துக்கென்றும் முதுமைக்கென்றும் அரசுச் சேமிப்பு வங்கியில் ஆயுள் முழுவதும் சேர்த்த பணம், எண் மாறாமலே பொருளிழந்தது. ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64 ஆண்டுகளை ஒட்டியிருந்தது. 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. போர் ஏதுமில்லாத காலத்தில் தொழில்மயமான ஒரு நாட்டில் நேர்ந்த இச்சரிவை, இழந்த பெருமிதத்துக்கான புலம்பல் என்ற சொல்லால் மூடிவிட முடியாது. 1996 குடியரசுத் தலைவர் தேர்தலின் இறுதிச் சுற்றில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சியுகானவ் 40 விழுக்காடு வாக்குப் பெற்றதை இந்த இழப்பிலிருந்து பிரித்து விளக்க இயலாது.

கிழக்கு ஜெர்மனியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1990 ஜூலை 1 அன்று அங்கு ஊதியமும் ஓய்வூதியமும் ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் மேற்கு மார்க்காக மாற்றப்பட்டன. சேமிப்பும் குறிப்பிட்ட வரம்புவரை அதே விகிதம் பெற்றது. ஆலைகள் மூடப்பட்டுப் பெருந்திரளானோர் வேலையிழந்தனர். கசப்பு இன்றும் ஆறவில்லை. ஆனால் அந்த ஏக்கம் பழைய பண்டங்களிலும் திரைப்படங்களிலும் வாக்குச்சீட்டிலும் வெளிப்பட்டதே அன்றி, வலுவான மீட்சி இயக்கமாகத் திரளவில்லை. இணைந்துகொள்ள வேறொரு ஜெர்மனி இருந்தது முதற்காரணம். முதியோரின் கைப்பணம் தப்பியதும் ஒரு காரணமென்றே கருதுகிறேன்.

எல்லை பேசப்பட்டது, உரிமை வெட்டப்பட்டது

2000க்குப் பிந்தைய ரஷ்ய அரசு ஏக்கத்தின் இரு பொருள்களையும் நடத்திய விதம் கவனத்துக்குரியது. 2000 டிசம்பரில் சோவியத் நாட்டுப்பண்ணின் இசை புதிய வரிகளுடன் திரும்பியது. 2005 ஏப்ரலில் புதின், சோவியத் வீழ்ச்சியை அந்த நூற்றாண்டின் மாபெரும் புவிசார் அரசியல் பேரழிவு என்றார். அதே ஆண்டு ஜனவரியில் முதியோர் தெருவுக்கு வந்திருந்தனர்: இலவசப் பேருந்துப் பயணம், மருந்து முதலிய சோவியத் காலச் சலுகைகளை எடுத்துவிட்டு அவற்றுக்கீடாக ரொக்கம் தரும் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 2018இல் ஓய்வூதிய வயது ஆண்களுக்கு 60இலிருந்து 65ஆகவும், பெண்களுக்கு 55இலிருந்து 60ஆகவும் படிப்படியாக உயர்த்தப்பட வழிசெய்யப்பட்டது. 2020 அரசியலமைப்புத் திருத்தம் ரஷ்யாவைச் சோவியத் ஒன்றியத்தின் சட்டப்படியான வாரிசு என்றது. ஆனால் சோவியத் காலச் சேமிப்பை அரசின் உள்நாட்டுக் கடனாக ஏற்ற 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழு நிறைவேற்றம் தொடர்ந்து ஒத்திவைக்கப்படுகிறது. வயது வரம்புக்கேற்பச் சிறு இழப்பீடு மட்டுமே தரப்படுகிறது. வாரிசு சொத்தை ஏற்றுக்கொண்டார், கடனைத் தள்ளிவைத்தார்.

2022 பிப்ரவரி 21 உரையில் புதின், இன்றைய உக்ரைனை உருவாக்கியவர்கள் லெனினும் போல்ஷெவிக்குகளும் என்று சாடினார். மூன்று நாளில் முழு அளவிலான போர் தொடங்கியது. அங்கே மீட்க முயலப்பட்டது பேரரசின் எல்லை. பொதுவுடைமைக்கு அதில் இடமே இல்லை.

இன்னொரு முனையில், தங்களைச் சோவியத் குடிமக்கள் என்று அறிவித்துக்கொள்ளும் குழுக்கள் உள்ளன. ஒன்றியம் சட்டப்படி கலையவில்லை, ஆகவே இன்றைய அரசுக்கும் வங்கிகளுக்கும் தாங்கள் எதுவும் தர வேண்டியதில்லை என்பது அவர்களது நிலைப்பாடு. வீட்டுச் சேவைக் கட்டணத்தையும் கடன் தவணையையும் கட்ட மறுக்கின்றனர். இவர்களிடையே யூத வெறுப்பும் மிரட்டலும் உண்டு. அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. நீதிமன்றங்கள் இத்தகைய பல குழுக்களைத் தீவிரவாத அமைப்புகளென்று தடைசெய்துள்ளன. எனினும் இவர்களது வினோதமான சட்டவாதத்தின் அடியில் கிடப்பது கட்ட முடியாத ரசீது என்பதை ஆய்வாளர் காணத் தவறக்கூடாது.

இரண்டு மறுப்புகள்

இந்த ஏக்கம் இளமைக்கான ஏக்கம் மட்டுமே, தலைமுறை மாறினால் தேய்ந்துவிடும் என்பது முதல் மறுப்பு. லெவாதா மையத்தின் கருத்துக்கணிப்புகளில் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்கு வருந்துவோர் 2000இல் 75 விழுக்காடு, 2012இல் 49, 2018இல் 66. வயது மட்டுமே காரணமெனில் இறங்கிய அளவு மீண்டும் ஏறியிராது. அது 66ஐ எட்டிய ஆண்டு, ஓய்வூதிய வயதை உயர்த்த வழிசெய்யப்பட்ட ஆண்டு.

இரண்டாவது மறுப்பு கனமானது: உத்தரவாதத்தையும் வதைமுகாமையும் தந்தது ஒரே அரசு, ஒன்றை நினைத்து மற்றொன்றை மறக்கலாமா? மறக்கலாகாது. 1932–33 பஞ்சமும் 1944 நாடுகடத்தலும் அந்த அரசின் வரலாறே. அதனால்தான் இழப்பை நேர்மையாக நினைவுகூர ஆவணக்காப்பகம் தேவை. அடக்குமுறைக்கு ஆளானோரின் பெயர்களைத் திரட்டிவந்த மெமோரியல் அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பர் 28 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வல்லரசு ஏக்கத்துக்கு மறதி தேவைப்படுகிறது. தன் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் கேட்கும் முதியவருக்கு அப்படி எதையும் மறைக்க வேண்டிய தேவை இல்லை.

முடிவாக

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்ட நூல்களோடு வளர்ந்த வாசகர் பலருக்கும் இந்த ஏக்கத்தில் பங்குண்டு. வரிசையில் நிற்காமலும் நாடுகடத்தப்படாமலும் வாய்த்த நினைவு அது. ஆகவே நமக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

இறந்த அரசொன்றை மீட்கப் புறப்படும் எந்த இயக்கத்தையும் ஆராய்வோர், அது எந்த எல்லையை மீட்கக் கேட்கிறது என்பதோடு, யாருடைய சேமிப்புப் புத்தகத்தைத் திருப்பித் தருகிறது என்பதையும் கேட்க வேண்டும். வொரோனொவோ மண்டபத்தில் கூடியோருக்கு மார்ச் வாக்கெடுப்பின் முழு வினாவும் தெரியும்; சம உரிமை என்ற சொல்லும் அதில் இருந்தது. செச்சென் மகள் ஒருவர் அந்தச் சொல்லுக்காகவே அங்கு வந்திருந்தால், அவர் எதிர்பார்த்த நாடு அதுவரை பிறக்கவே இல்லை. அவருக்குப் பின் மீட்சியை அறிவித்தவர்கள் அந்தச் சொல்லை மட்டும் மீட்கவில்லை.