மாலுமி என்றால் ஆசிரியர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

"வஸ்கொடகாமாவுக்கு இந்தியாவுக்கு வழிகாட்டியவர் ஒரு முஸ்லிம். அவர் பெயர் அஹ்மத் இப்னு மாஜித்" என்ற பதிவு நம்மவர்களின் பக்கங்களில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. தலைப்பாகை கட்டிய ஒருவரின் படம், பின்னால் ஒரு பாய்க்கப்பல். கீழே வரும் கருத்துகள் இரண்டே வகை. ஒரு சாரார் "மாஷா அல்லாஹ், நமது பொற்காலம்" என்பார்கள். மற்றச் சாரார் "பறங்கியைக் கூட்டிக்கொண்டு வந்து நம் தலையில் வைத்தவன்" என்று ஏசுவார்கள். உண்மையைச் சொன்னால், சில வருடங்களுக்கு முன் நாமும் அதைப் பகிர்ந்திருக்கிறோம். வகுப்பிலும் சொல்லியிருக்கிறோம். பிறகு தேடி வாசித்தபோதுதான், பெருமைப்பட்டவர்களும் ஏசியவர்களும் ஒரே பிழையான கதைக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள் என்று விளங்கியது. அந்த மனிதரிடம் உண்மையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அதிலும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில் அந்தக் கதையை முடித்துவிடுவோம். காமாவின் கப்பல்கள் 1498 ஏப்ரல் 24ஆம் திகதி கிழக்காபிரிக்காவின் மலிந்தியிலிருந்து புறப்பட்டு, மே 20ஆம் திகதி கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டன. மலிந்தி அரசன் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தான் என்பது உண்மை. அந்தப் பயணத்தில் போன ஒருவர் எழுதிய நாட்குறிப்பு அவரைக் கிறிஸ்தவர் என்கிறது. இந்துக் கோயிலைக்கூட தேவாலயம் என்று நினைத்துக் கும்பிட்ட பயணம் அது, ஆகவே அந்தச் சொல்லை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பின்னால் எழுதிய போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் அவரைக் குஜராத்திக்காரர் என்கிறார்கள். பாரோஸ் கொடுக்கும் பெயர் 'மலெமோ கானா'. கஸ்தன்யெடா கொடுப்பது 'கனகுவா'.

அப்படியென்றால் இப்னு மாஜித் எங்கிருந்து வந்தார்? 1582இல் மரணித்த குத்புத்தீன் அந்நஹ்ரவாலி என்ற மக்காவின் வரலாற்றாசிரியர், சம்பவம் நடந்து பல தசாப்தங்களுக்குப் பிறகு எழுதிய ஒரு நூலில்தான் வருகிறார். அதிலும், போதையில் இருந்தபோது வழியைச் சொல்லிக் கொடுத்தார் என்று வருகிறது! 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கப்ரியேல் ஃபெராண்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்தக் குறிப்பையும் போர்த்துக்கேயக் குறிப்புகளையும் ஒன்றாக முடிந்துவிட்டார். அந்த முடிச்சுத்தான் இன்றுவரை அவிழாமல் இருக்கிறது. இப்னு மாஜிதின் பெயரிலுள்ள ஒரு கவிதையில் பறங்கியர் வந்தது பற்றிச் சில அடிகள் உண்டு. அவை பிற்சேர்க்கையா என்ற வாதம் இருக்கிறது. ஆனால் அந்த அடிகளிலும் 'நான்தான் வழி காட்டினேன்' என்று அவர் சொல்லவில்லை. தன்னைப் பற்றிப் பெருமை பேசுவதில் கொஞ்சமும் கூச்சப்படாத மனிதர் அவர். செய்திருந்தால் சொல்லாமல் விட்டிருப்பாரா?

இப்போது 'மலெமோ கானா' என்ற பெயரைத் திரும்பவும் வாசித்துப் பாருங்கள். அது பெயரே இல்லை. 'மலெமோ' என்பது முஅல்லிம். 'கானா', 'கனகுவா' என்பது கணக, அதாவது நம்முடைய கணக்கன், வான சாஸ்திரம் கணிப்பவர். போர்த்துக்கேயர் இரண்டு தொழிற்பெயர்களைக் கேட்டு அதையே ஆளின் பெயர் என்று எழுதிவைத்துவிட்டார்கள். உம்மா வாப்பா அவருக்கு வைத்த பெயர் போய்விட்டது. 'ஆசிரியர், கணக்கர்' என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கப்பலோட்டியை ஏன் முஅல்லிம் என்றார்கள்? நம்மூரில் முஅல்லிம் என்றால் குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப், பே சொல்லித் தருபவர். ஆனால் இந்து சமுத்திரக் கரைகளில் அதே சொல் பல நூற்றாண்டுகளாகக் கப்பலின் திசைகாட்டிக்கும் உரியது. சுவாஹிலியில் 'முவாலிமு' என்றால் ஆசிரியர். மலாயில் 'மாலிம்' என்பது மார்க்க அறிஞரையும் குறிக்கும், கப்பல் வழிகாட்டியையும் குறிக்கும். தமிழில் அது 'மாலுமி' ஆனது. ஆம், பாடப் புத்தகத்தில் நாம் சாதாரணமாக வாசித்துப் போகும் அதே மாலுமிதான். இன்றைக்குக் கப்பலில் வேலை செய்யும் யாரையும் மாலுமி என்கிறோம். ஆதியில் அது ஒரேயொரு ஆளுக்கு உரிய பதவி. அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்ல் தொகுத்த ஆயினே அக்பரியில் கப்பலின் ஆட்கள் வரிசையாக வருகிறார்கள்: நாகுதா, முஅல்லிம், தண்டேல், செறாங்கு, சுக்கான் பிடிப்பவர் என்று போகும். நாகுதா கப்பலுக்குப் பொறுப்பானவர். முஅல்லிம், ஆழமும் ஆழமில்லாத இடமும் நட்சத்திரங்களும் அறிந்து கப்பலை ஆபத்திலிருந்து காப்பவர்.

இப்னு மாஜித் அப்படியொரு முஅல்லிம். 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமாவில் இருந்த ஜுல்ஃபார் என்ற ஊரில் பிறந்தவர். வாப்பாவும் முஅல்லிம், வாப்பாவின் வாப்பாவும் முஅல்லிம். வாப்பா செங்கடல் வழிகளைப் பற்றி ஆயிரம் அடிகளுக்கு மேல் ஒரு பாட்டு எழுதி வைத்தார். மகன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிக்கவில்லை. அந்த வழிகளில் தானே போய், பிழைகளைத் திருத்தி, தான் கண்டதைச் சேர்த்தார். தனக்கு முன் நூல் தொகுத்த மூன்று பேரைச் சிங்கங்கள் என்றும், தன்னை நான்காவது சிங்கம் என்றும் சொல்லிக்கொண்டார். (கூச்சமில்லாதவர் என்று சொன்னோமல்லவா!) அதே மூன்று பேரைப் பற்றி, அவர்கள் சீராஃபிலிருந்து மக்ரான் கரை வரைக்கும்தான் போனவர்கள், மற்றக் கடல்களைப் பற்றிப் பிறரிடம் கேட்டு எழுதியவர்கள் என்று பட்டவர்த்தனமாக எழுதுகிறார். மரியாதையும் வைத்துக்கொண்டு, பிழையையும் சொல்வது. நமக்கு இன்றைக்கும் வராத பழக்கம்.

அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி செய்யுள். 1462இல் எழுதிய ஹாவியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. பெரும்பாலும் ரஜஸ் என்ற யாப்பு. மத்ரஸாவில் இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா ஓதியவர்களுக்கும், தஜ்வீதுக்காக துஹ்ஃபதுல் அத்ஃபால் மனனம் செய்தவர்களுக்கும் அந்த ஓசை பழக்கமானது. அதே யாப்புத்தான். இலக்கணத்தையும் தஜ்வீதையும் பிள்ளையின் வாயில் ஏற்றிய அதே கருவியால் நட்சத்திரங்களையும் பாறைகளையும் துறைமுகங்களையும் ஏற்றினார்கள். காரணம் எளிது. இரவில், அலையில் ஆடும் தட்டில், விளக்கை வைத்துக்கொண்டு புத்தகம் புரட்ட முடியாது. மனதில் இருப்பது மட்டும்தான் உதவும். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் யாப்பு இடறும், சொல்பவனுக்கே காதில் விழுந்துவிடும். கிப்லாவை எந்த ஊரிலிருந்து எப்படிக் கண்டுகொள்வது என்பதற்கும் அவர் ஒரு செய்யுள் எழுதியிருக்கிறார்.

என்ன கற்பித்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கணித ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். திசைவட்டம் 32 பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நட்சத்திரம் உதிக்கும் அல்லது மறையும் இடத்தின் பெயர். உயரத்தை அளக்க விரல், அரபியில் இஸ்பஃ. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரலின் தடிப்பு வானத்தில் மறைக்கும் அளவு. ஒரு முழு வட்டத்துக்கு 224 விரல், ஆகவே ஒரு விரல் ஏறக்குறைய 1.6 பாகை. தூரத்தை அளக்க ஸாம். அது 3 மணித்தியால ஓட்டம், ஒரு இராப்பகலுக்கு 8 ஸாம். நேர் வடக்காக 8 ஸாம் ஓடினால் வடதுருவ நட்சத்திரம் ஒரு விரல் உயரும். அதாவது ஒரு நாள் ஓடினால் ஒரு விரல். நேரம், தூரம், வானம் மூன்றையும் இவ்வளவு அழகாக ஒரே கணக்கில் பூட்டிய பாடத்திட்டத்தை நாம் வேறெங்கும் காணவில்லை.

ஆனால் அதோடு முடியாது. அக்காலத்தில் துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து மூன்றரைப் பாகையளவு விலகியிருந்தது. இரவில் அது சுற்றும், உயரம் கூடிக் குறையும். அதனால் எந்த வேளையில் அளந்தாய், எவ்வளவு திருத்த வேண்டும் என்பதும் பாடம். காலி போன்ற தென்கரைக்கு வந்தால் அது அடிவானப் புகாரில் ஒளிந்துவிடும், வேறு நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். (சைலான், அதாவது நம் தீவு, அவர் பட்டியலிட்ட பெரிய தீவுகளில் ஒன்று.) பிறகு கடலின் அடையாளங்கள்: தண்ணீரின் நிறம், ஈயக்குண்டில் ஒட்டி வரும் சேறு, பறவைகள், இந்தியக் கரை நெருங்கும்போது தென்படும் கடல் பாம்புகள். எல்லாவற்றுக்கும் மேல் பருவம். எந்தத் துறையிலிருந்து எந்த நாளுக்குள் புறப்பட வேண்டும் என்று நாட்கணக்கிலேயே சொல்கிறார். பிந்தினால் கடல் மூடிவிடும்.

அவருடைய பெரிய உரைநடை நூலான கிதாபுல் ஃபவாஇத் 1490இல் எழுதப்பட்டது. அதில் ஓரிடம் நம்மை இரண்டு நாள் தூங்க விடவில்லை. முஅல்லிம்களை அவர் மூன்று தரமாகப் பிரிக்கிறார். முதல் வகையினர் போவார்கள், வருவார்கள். ஒரு முறை தப்புவார்கள், ஒரு முறை மாட்டுவார்கள். கேட்டால் ஒரு நேரம் சரியான விடை, ஒரு நேரம் பிழை. இவர்களுக்கு முஅல்லிம் என்ற பெயரே பொருந்தாது என்கிறார். இரண்டாம் வகையினர் தாங்கள் போய்ப் பழகிய இடங்களில் கெட்டிக்காரர்கள், ஆனால் மௌத்தோடு அவர்கள் பெயரும் போய்விடும். மூன்றாம் வகையினருக்குக் கடலின் சிக்கல் எதுவும் மறைவில்லை, தெரிந்ததைப் பிறருக்காக எழுதியும் வைப்பார்கள். முஅல்லிமுக்கு வேண்டிய குணங்களையும் சொல்கிறார். பொறுமைக்கும் மந்தத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், பேச்சில் மென்மை வேண்டும், கப்பலில் ஒருவர் மற்றவருக்கு அநியாயம் செய்ய விடக்கூடாது, அல்லாஹ்வின் பயம் வேண்டும். கலாசாலையில் நாம் படித்த கல்வி உளவியல் குறிப்புகளை மறந்துவிட்டோம். இது மறக்கவில்லை. வருடா வருடம் அதே குறிப்புக் கொப்பியிலிருந்து அதே பாடத்தை எழுதிப் போடும் நாம் முதல் வகையா, இரண்டாம் வகையா?

அவருக்குப் பின் ஹழரமௌத்தின் ஷிஹ்ர் ஊரைச் சேர்ந்த சுலைமான் அல்மஹ்ரி வந்தார். 1511இல் அவர் எழுதிய உம்தா, அலட்டலில்லாத, ஒழுங்கான பாடநூல். இருவரின் நூல்களையும் பஸ்ராவில் தேடி எடுத்த உஸ்மானியக் கடற்படைத் தளபதி ஸெய்தி அலி ரெய்ஸ், 1554இல் அஹ்மதாபாத்தில் இருந்து அவற்றைத் துருக்கியில் தொகுத்து எழுதினார். அவர் ஏன் அஹ்மதாபாத்தில் இருந்தார் என்கிறீர்களா? போர்த்துக்கேயரோடு மோதிய பிறகு கப்பல்களைப் புயல் அள்ளிக்கொண்டு போய் குஜராத்தில் போட்டுவிட்டது. சிறந்த நூல்கள் கையில் இருந்தும் பருவம் கைவிட்டது. அந்த அனுபவம்தான் அவரை எழுத வைத்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

1854இல் ரிச்சர்ட் பர்ட்டன் ஏடனிலிருந்து ஸைலாவுக்குப் புறப்பட்டபோது, கப்பலாட்கள் திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லி 'ஷெய்க் மாஜித்' பேரில் பாத்திஹா ஓதினார்கள் என்று எழுதியிருக்கிறார். திசைகாட்டியை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு கடலில் போகிறவர்கள் அவரை நினைத்திருக்கிறார்கள், காமாவுக்காக அல்ல. (அப்படி ஓதுவது கூடுமா, கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இங்கே கருத்துப் பகுதியில் தொடங்க வேண்டாம்.)

இதையெல்லாம் வாசித்த பிறகு தரம் 10 பிள்ளைகளோடு ஒரு வேலை செய்தோம். 'கமால்' என்று ஒரு கருவி உண்டு. ஒரு சிறிய பலகை, நடுவில் ஒரு நூல், நூலில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை நூல் இறுகும்வரை தள்ளிப் பிடிக்க வேண்டும். கீழ் விளிம்பு அடிவானத்தில், மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தில். சரியாகப் பொருந்தினால் அந்த முடிச்சின் ஊருக்கு நேராக நிற்கிறோம். ஜேம்ஸ் பிரின்செப் 1836இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சோழமண்டலக் கரைத் தமிழ்க் கடலோடிகளிடமும் இது இருந்தது, இராப்பலகை என்ற பெயரில்.

நாம் செய்தது 6 சென்றிமீற்றர் உயரமான மட்டை. தேவேந்திரமுனைக்கு 58 சென்றிமீற்றரில் ஒரு முடிச்சு, மட்டக்களப்புக்கு 44இல், பருத்தித்துறைக்கு 35இல். இன்றைக்குத் துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து ஒரு பாகைகூட விலகியில்லை, ஆகவே திருத்தம் பெரிதாக வேண்டாம். நமது கிழக்குக் கரை வடமேற்காக வளைந்து போவதால் கடற்கரையில் நின்றால் நேர் வடக்கே கடல்தான். இஷாவுக்குப் பிறகு போனோம். அரைவாசிப் பேருக்கு நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விட்டது. மூன்று பேருக்கு மட்டக்களப்பு முடிச்சு பொருந்தியது. ஒருவனின் கணக்குப்படி நாங்கள் எல்லோரும் பருத்தித்துறைக்கும் வடக்கே நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தோம்.

"சேர், நான் முதலாம் வகை முஅல்லிம்" என்றான்.

மேகம் வந்து மூடியதால் அவனுக்கு இரண்டாவது தடவை அளக்கக் கிடைக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை இரவு, வானம் தெளிவாக இருந்தால், திரும்பப் போகிறோம் இன்ஷா அல்லாஹ். தரம் 10 பெற்றோர் பிள்ளைகளிடம் மட்டையையும் நூலையும் கொடுத்தனுப்புங்கள். நூல் இழுபடாத நூலாக இருக்கட்டும். போன முறை தையல் இறப்பரில் முடிச்சுப் போட்டு வந்த ஒரு பிள்ளைக்கு எந்த ஊரும் எட்டவில்லை.