யானையை உறங்க வைத்த ஊசி

அந்தமான் காடுகளுக்கு யானை உரிய விலங்கன்று. மரம் இழுப்பதற்காகக் கப்பலேறி வந்தது. புரோத்ராபூரில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. வட அந்தமானில் மரம் வெட்டிவந்த பி. சி. ராய் நிறுவனம் 1962ஆம் ஆண்டில் நொடித்துப் போயிற்று. அப்போது ஏறக்குறைய 40 யானைகள் இன்டர்வியூ தீவில் கைவிடப்பட்டன. பாகனின் குரலுக்குப் பழகியிருந்த அவை நாளடைவில் காட்டு யானைகளாகவே மாறிவிட்டன.

அவ்வாறு மாறிவிட்ட யானைக்குக் காலில் புண் என்றால் வைத்தியர் எப்படி அணுகுவார்? இக்கேள்விக்கு விடை அளித்த மருந்துகள் இரண்டு அதே 1962இல்தான் பிறந்தன என்பது வியப்பான ஒற்றுமை. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தார் இரத்தக் கொதிப்புக்காகச் சைலசினை உருவாக்கினர். அமெரிக்காவில் பார்க் டேவிஸ் நிறுவனத்துக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் கெட்டமினை உருவாக்கினார். இருவரும் யானையைக் கனவிலும் கருதியவர்கள் அல்லர்.

அதற்கு முன்பும் ஊசி மருந்துகள் இல்லாமலில்லை. குதிரைக்குக் குளோரல் ஹைட்ரேட்டும், 1934 முதல் மருத்துவ உலகில் புகழ்பெற்ற தையோபென்டோனும் பயன்பட்டன. ஆனால் இவற்றை இரத்தக் குழாயினுள் செலுத்த வேண்டும். கட்டுக்கடங்காத யானையிடம் நரம்பைத் தேடிப் பிடிப்பவர் யார்? தசையில் ஏறினாலே வேலை செய்யும் மருந்து தேவைப்பட்டது. அதைத் தொலைவிலிருந்து எய்யும் துப்பாக்கியை நியூசிலாந்தின் காலின் மர்டோக் 1950களில் வகுத்தார். 1960களில் வந்த எடார்ஃபின் மார்ஃபினைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் உடையது. கைதவறி ஒரு துளி உடலில் ஏறினால் வைத்தியரே மாண்டுவிடக் கூடும். நம் நாட்டில் அது எளிதில் கிடைப்பதுமில்லை. ஆகவே இங்கு சைலசினும் கெட்டமினுமே பெரிதும் கைகொடுக்கின்றன.

கெட்டமின் வலியை மறக்கச் செய்யும். ஆனால் தனித்துச் செலுத்தினால் உடல் விறைக்கும். சைலசின் தசையைத் தளர்த்தி அந்தக் குறையைத் தீர்க்கிறது. பத்திரிகைகள் இரண்டையும் 'மயக்க ஊசி' என்றே எழுதுகின்றன. சைலசினின் தனித்தன்மை அமைதிப்படுத்துவதே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த வேறுபாடு மறைந்துபோவது உறுத்துகிறது. அளவிலும் எச்சரிக்கை வேண்டும். உடல் எடைக்கு எடை கணக்கிட்டால், குதிரைக்குத் தரும் சைலசினில் பத்திலொரு பங்கே மாட்டுக்குப் போதும்.

யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பது. மயங்கி மார்பு மண்ணில் பதியச் சரிந்தால், தன் பாரமே தன் மூச்சை அடைத்துவிடும். அதனால் நின்றபடியே அரைத் துயிலில் இருத்துவதையே வைத்தியர் விரும்புவர். கும்கிகள் இருபுறமும் அணைத்து நிற்கும். துதிக்கை மடங்காமல் பார்த்துக்கொள்வர். உடற்சூடு ஏறாதிருக்க நீர் ஊற்றுவர். பணி முடிந்ததும் காதின் இரத்தக் குழாயில் யோகிம்பின் செலுத்தினால் சில நிமிடங்களில் சைலசினின் பிடி விலகும். கெட்டமினுக்கு இத்தகைய மாற்று மருந்து இல்லை. ஆதலால் அதன் அளவைக் குறைத்தே வைப்பர். உறங்க வைப்பதினும் எழுப்புவதே அரிய கலை.

அக்கலையில் தேர்ந்தவர் தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாக அவரை அறிந்த நேயர்கள் பலர் இருப்பர். கேரளத்திலும் கூடலூர்ப் பகுதியிலும் பலரைக் கொன்ற மக்னா ஒன்று, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, 1998இல் மயக்க ஊசியால் பிடிபட்டது. சுட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்ற குரல் வலுத்திருந்த நேரம் அது. அதன் உடலில் குண்டு பாய்ந்த புண்கள் இருந்தன. கொலைகார யானை என்று எல்லோரும் கூறியதற்குப் பின்னால் அந்தப் புண்களும் இருந்தன என்பதை, அது உறங்கி நின்ற வேளையில்தான் மனிதர் அருகே சென்று காண முடிந்தது.

முதுமலையில் அதற்குச் சிகிச்சை நடந்தது. ஓய்வு பெற்ற பின்னும் அப்பணியில் பங்குகொண்ட டாக்டரின் பெயரையே சுருக்கி அதற்கு 'மூர்த்தி' என்று பெயரிட்டனர். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2002இல் காலமானார். மூர்த்தி யானையோ தெப்பக்காட்டு முகாமில் 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சாதுவாக வாழ்ந்து, 2024இல் இறந்தது.