சுடுகாட்டு மல்லியின் கதை

போன பதிவில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஆம்பூர் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: “பட்டையில இவ்வளவு விஷயம் இருக்குன்னு எழுதுறீங்களே சார், எங்க வாசல்ல நித்திய கல்யாணி பூத்துக் குலுங்குது. அதுல புத்துநோய்க்கு மருந்து இருக்காம். நாலு இலையை அரைச்சுக் குடிச்சா சர்க்கரையும் இறங்குமாம். நெசமா?”

பாதி நிஜம். மீதிப் பாதி ஆபத்து. எந்தப் பாதி எது என்று தெரிய வேண்டுமானால் அந்தச் செடியின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நித்திய கல்யாணி என்று மரியாதையாகச் சொல்கிறோம். நம் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு. கல்லறை மேட்டிலும், தண்டவாளத்து ஓரத்திலும், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்திலும் வருஷம் முழுக்கப் பூக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, எங்கள் ஆசிரியர் இதை ‘பெர்வான்ஷ் த மதகாஸ்கார்’ என்று சொல்லிக் கொடுத்தார். பெயரிலேயே பூர்வீகம் இருக்கிறது. இது மடகாஸ்கர் தீவுச் செடி. பாரிஸ் அரசுத் தோட்டத்தில் வளர்ந்த செடியின் விதைகள் 1757-ல் லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போயின. லின்னேயஸ் 1759-ல் இதற்கு ‘வின்கா ரோசியா’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் ‘கதராந்தஸ் ரோசியஸ்’ ஆயிற்று. அழகுக்காகக் கப்பல் ஏறிய செடி, வெப்ப நாடுகள் எங்கும் காட்டுச் செடியாகிவிட்டது.

போன இடத்திலெல்லாம் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: சர்க்கரை நோய்க்கு மருந்து. பிலிப்பைன்ஸிலும் அப்படித்தான் நம்பினார்கள், ஜமைக்காவிலும் அப்படித்தான். 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறைக்குள் 25 இலைகள் கனடாவிலிருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்குத் தபாலில் வந்தன. இந்த கிளார்க் நோபிள் யார் என்றால், 1921-ல் பான்டிங் இன்சுலின் ஆராய்ச்சி தொடங்கியபோது உதவிக்கு வர இருந்த இரண்டு மாணவர்களில் ஒருவர். யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்ட் ஜெயித்தார், நோபிள் தோற்றார். இன்சுலின் என்றால் பான்டிங், பெஸ்ட் என்று உலகம் சொல்கிறதே தவிர நோபிளை யாரும் சொல்வதில்லை.

அந்த இலைகளை அவர் தம் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டார். சில நாட்களில் எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. சோதித்துப் பார்த்ததில் அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. கிருமியை எதிர்க்க வேண்டிய சிப்பாய்களே இல்லை.

வேறொருவராயிருந்தால் ‘சர்க்கரைக்குப் பயனில்லை’ என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார். ராபர்ட் நோபிள் வேறு கேள்வி கேட்டார். வெள்ளணு அளவுக்கு மீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? வெள்ளணுவைக் குறைக்கும் சரக்கு ஒன்று இந்த இலையில் இருக்கிறதென்றால், அதைப் பிரித்து எடுத்தால் என்ன? சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் உடன் சேர்ந்து பிரித்தெடுத்தார். அதுதான் வின்பிளாஸ்டின். 1958-ல் அறிவித்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியில் கார்டன் ஸ்வோபோடாவும் இர்விங் ஜான்சனும் இதே செடியின் சாறு, இரத்தப் புற்றுநோய் கண்ட எலிகளின் ஆயுளை நீட்டுவதைப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த இன்னொரு சரக்கு வின்கிறிஸ்டின். 1963-ல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அது உடம்பில் என்ன செய்கிறது? தோல் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஆவாரம் பட்டையின் டானின், தோலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் தோல் அழுகாமல் பதமாகிறது. வின்கிறிஸ்டினும் ஒரு புரதத்தைத்தான் பிடிக்கிறது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க உள்ளே மெல்லிய இழைகள் உருவாகும். அந்த இழைக்குச் செங்கல் போன்றது டியூபுலின் என்ற புரதம். அதை வின்கிறிஸ்டின் பற்றிக்கொண்டால் இழை உருவாகாது. உயிரணு பாதிப் பிரிவில் நின்றுவிடும். அப்படி நின்றுபோன உயிரணு, தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்.

இந்த ‘தானே முடித்துக்கொள்வதற்கு’ ஒரு பெயர் உண்டு. 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூவர் ‘அபோப்டோசிஸ்’ என்று பெயரிட்டார்கள். அபர்தீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்க மொழிப் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். மரத்திலிருந்து இலை உதிர்வது என்று பொருள். நம் உடம்பில் அன்றாடம் கோடிக்கணக்கான உயிரணுக்கள் பழுத்த இலை போல முறைப்படி உதிர்கின்றன. இரத்தப் புற்றுநோயில் உதிர வேண்டிய அணுக்கள் உதிர மறுத்துப் பெருகிக்கொண்டே போகின்றன. மருந்து அந்த உதிர்வைத் திரும்பத் தொடங்கி வைக்கிறது.

ஆனால் மருந்துக்கு நல்ல அணு, கெட்ட அணு என்று ஆள் அடையாளம் தெரியாது. அடிக்கடி பிரியும் எதையும் தாக்கும். முடி கொட்டுவது அதனால்தான். நரம்பிலும் அதே போன்ற இழைகள் இருப்பதால் கை கால் மரத்துப்போவதும், மலச்சிக்கலும் வரும். ஆகவே அளவுதான் உயிர். பெரியவர்களுக்குக்கூட ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். ஒரு கிராம் எடுக்க அரை டன்னுக்கும் மேல் காய்ந்த இலை வேண்டும். எழுத்தர் வேலை பார்த்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? ஓர் ஊசிக்குக் குறைந்தது ஒரு கிலோ காய்ந்த இலை.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். நாலு இலை அரைத்தால் அதில் புற்றுநோய் மருந்து இருப்பது ஒன்றுமில்லை. ஆனால் அதே இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. எது எவ்வளவு இறங்குகிறது என்று அரைக்கிற கைக்குத் தெரியாது. நம் வயதில், ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் உடம்பில், அந்தச் சோதனை வேண்டாம். பூ சாமிக்கு, செடி வாசலுக்கு அழகு. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது நிஜமான பாதி. 1960-க்கு முன்பு, குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால் சில மாதங்கள்தான் என்று அர்த்தம். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் குழுவினர் வின்கிறிஸ்டினையும் வேறு மருந்துகளையும் சேர்த்துத் திட்டமிட்டுக் கொடுத்து, 1970 வாக்கில் பாதிக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தார்கள். இன்று வசதியான நாடுகளில் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அது குறைவு. ஒரு காரணம், பாதியில் சிகிச்சையை நிறுத்திவிடுவது.

அதை நேரிலும் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் என்னோடு வேலை பார்த்தவரின் மகனுக்கு ஆறு வயதில் இந்த நோய் வந்தது. வேலூரில்தான் வைத்தியம். முதல் மாதத்திலேயே காய்ச்சல் போய்ப் பையன் ஓடியாட ஆரம்பித்துவிட்டான். முடி மட்டும் கொட்டிவிட்டது. உறவினர் எல்லாம், “பையன் தேறிட்டான், இன்னும் ஏன் அவன் உடம்புல விஷத்தை ஏத்துறே?” என்று சண்டை போட்டார்கள். அவர் அசையவில்லை. பி.எஃப். கடன், மனைவியின் வளையல், எல்லாம் போயிற்று. இரண்டரை வருஷம் ஒரு தேதி தவறாமல் பஸ் ஏறினார். பையன் இன்று ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். தேறிவிட்டது போலத் தெரியும்போதும் ஒளிந்திருக்கும் சில அணுக்களுக்காகத்தான் அந்த இரண்டரை வருஷம் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

வேலூர் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி.யில் 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. 1998 முதல் 2004 வரை, ஒரு வகைக் கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்ட 72 பேருக்கு அங்கே ஆர்சனிக் டிரை ஆக்சைடை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. இது செடிச் சரக்கல்ல, நம் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் அதே பொருள். சீனாவில் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் ஆரம்பித்ததை, செலவு குறைந்த வழியாக உலகத்துக்குக் கணக்கோடு காட்டியதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

நித்திய கல்யாணிக்கும் தமிழ்நாட்டில் வேறொரு வாழ்க்கை இருக்கிறது. ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் அதைப் பயிராகவே போடுகிறார்கள். இலையும் வேரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயின. 1980-களில் பூனா தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து சிப்ளா கம்பெனி இந்த மருந்துகளை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. பிரான்சில் பியேர் போத்தியே என்பவர் இதே செடியின் சரக்கை மாற்றியமைத்து வினோரெல்பின் என்ற இன்னொரு மருந்தைக் கொண்டுவந்தார்.

வாசகர்கள் வீட்டில், அக்கம்பக்கத்தில், ஏதாவது குழந்தைக்கு இந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், இதைப் பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள். பாதியில் விடாதீர்கள் என்று சொல்லுங்கள். பஸ் செலவுக்கு நூறு ரூபாய் கொடுக்க முடிந்தால் அதையும் கொடுங்கள்.