சேவையகப் படிமத் தேர்வும் பேணற்காலமும்: எல்காட்டின் லினக்ஸ் மாற்றம் முதல் சென்ட்ஓஎஸ் முடிவு வரை

ஆய்வுச் சுருக்கம்

மேகக் கணிமையில் வாடகைச் சேவையகம் ஒன்றைத் தொடங்குவோர் முதலில் அதற்கான லினக்ஸ் படிமத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். அத்தேர்வுடன், அச்சேவையகத்தை யார், எத்தனை ஆண்டுகள் பேணுவார் என்பதும் முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2006–07இல் மேற்கொண்ட லினக்ஸ் மாற்றத்தையும், 2020இல் சென்ட்ஓஎஸ் வழங்கலுக்கு நேர்ந்த முடிவையும் அருகருகே வைத்து, பேணற்காலம் என்னும் கூறு கவனத்திலிருந்து நழுவிய விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆம்பூர்த் தோல் தொழிலின் வரலாறு ஒப்புமைக்குக் கொள்ளப்படுகிறது.

கருச்சொற்கள்: லினக்ஸ், படிமம், எல்காட், போஸ், சென்ட்ஓஎஸ், ஆம்பூர், பேணற்காலம்

முன்னுரை

பாலாற்றுப் படுகையின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் நெடுங்காலம் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலை அரைமுடிப்பு நிலையிலேயே அயல்நாடுகளுக்கு அனுப்பிவந்தன. 1972இல் சீதாராமையா குழு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, அரைமுடிப்புத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவிக்கும் கொள்கையை நடுவணரசு கைக்கொண்டது. ஆம்பூர் இன்று காலணி நகரமாக அறியப்படுவதற்கு அக்கொள்கை மாற்றமும் ஒரு காரணம். அடிப்பொருள் எங்கிருந்து வந்தாலும், முடிப்பு வேலை நடக்கும் இடத்திலேயே ஆதாயமும் பொறுப்பும் தங்கும் என்பதை இவ்வட்டாரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே பட்டறிந்தது.

லினக்ஸ் வழங்கல்களின் அமைப்பும் இதனை ஒத்ததே. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருநிரல் தனியே பயன்தருவதன்று. அதனோடு பிற மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, குறைகளைத் திருத்தி அளிப்பவை டெபியன், ரெட் ஹாட், சூசே, உபுண்டு முதலிய வழங்கல்கள். அவற்றுள் ஒன்றை நிறுவிய நிலையில் உறையவைத்து எடுத்த வட்டின் நகலே படிமம். (கவிதையியலில் இச்சொல்லுக்குள்ள பொருள் இங்குக் கருதப்படவில்லை.) மேகக் கணிமை நிறுவனத்தின் பட்டியலில் படிமத்தின் பெயரைச் சுட்டினால், சில நிமிடங்களில் சேவையகம் இயங்கத் தொடங்கிவிடும்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது, அவ்விடமே ஆய்வுக்குரியது. தோல் முறையாகப் பதனிடப்பட்டபின் நெடுங்காலம் அந்நிலையிலேயே நிற்கும். படிமமோ எடுக்கப்பட்ட நாள் முதல் பழையதாகத் தொடங்குகிறது. அதிலுள்ள மென்பொருள்களில் பாதுகாப்புக் குறைகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்படுகின்றன. அவற்றுக்கான திருத்தங்களை வழங்கல் அமைப்பு தொடர்ந்து அனுப்பும்வரைதான் அச்சேவையகம் நம்பத்தக்கது. எனவே படிமத்தின் முதன்மையான பண்பு அதன் பேணற்காலம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு இது பொதுவாக 5 ஆண்டுகள். ரெட் ஹாட் நிறுவனப் பதிப்புக்கு 10 ஆண்டுகள்.

எல்காட்டின் தேர்வு

1977இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மின்னணுவியல் கழகம் (எல்காட்) அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் கணிப்பொறி கொள்முதல் செய்யும் முகமையாக விளங்கியது. சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006–07 காலத்தில் தன் மேசைக்கணிப்பொறிகளையும் சேவையகங்களையும் அது சூசே லினக்ஸுக்கு மாற்றியது. உரிமச் செலவும் நச்சுநிரல் தொல்லையும் அப்போது முன்வைக்கப்பட்ட காரணங்கள். இந்திய அரசு நிறுவனமொன்று இவ்வளவு வெளிப்படையாக மேற்கொண்ட மாற்றம் அன்று அரிது.

ஆயினும் சூசே அப்போது நோவெல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உடைமை. மூலநிரல் திறந்திருந்ததே தவிர, முடிப்பும் பேணலும் அயலகத்திலேயே நிகழ்ந்தன. தோல் தொழில் சொற்களில் கூறினால், தமிழ்நாடு முடித்த சரக்கையே வாங்கியது. இதற்கு மாற்றான முயற்சி சென்னையிலேயே தொடங்கியிருந்தது. சி-டாக் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து 2005இல் கட்டற்ற திறந்தமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தன. அதன் வழி உருவான போஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளிவந்தது. டெபியனை அடிப்பொருளாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான இடைமுகத்தையும் உள்ளீட்டு முறைகளையும் சேர்த்து முடிக்கப்பட்ட வழங்கல் அது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி, போஸ் லினக்ஸ் விண்டோசுடன் ஒரே கணினியில் மாணவர் கைக்குச் சென்றது. அன்றைய வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆம்பூர் அரசுப் பள்ளிகளின் மேனிலை மாணவரும் இதில் அடங்குவர். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, துறைகள் போஸ் லினக்ஸை நிறுவவேண்டும் என அரசு அறிவுறுத்தியது. பேணற்காலத்தின் முடிவு அரசாணையளவில் ஒரு பொருளாகப் பேசப்பட்ட அரிய தருணம் இது. ஆனால் பேச்சு முழுவதும் மேசைக்கணிப்பொறியைச் சுற்றியே அமைந்தது. திரையில் தெரியும் பொறிக்கு விவாதம் கிடைத்தது; தெரியாத சேவையகத்துக்கு அது கிடைக்கவில்லை.

பட்டியலிலிருந்து ஒரு பெயர்

எல்காட் மாற்றம் தொடங்கிய அதே 2006இல் அமேசான் தன் வாடகைக் கணிமைச் சேவையை அறிமுகப்படுத்தியது. 2015இல் மைக்ரோசாஃப்ட் தன் இந்தியத் தரவு மையங்களுள் ஒன்றைச் சென்னைப் பகுதியில் திறந்தது. 2016இல் அமேசான் மும்பையில் திறந்தது. அதற்கு முன்பிருந்தே சிறு, நடுத்தர நிறுவனங்களின் இணையதளங்கள் பகிர்வு வாடகைச் சேவையகங்களில் இயங்கிவந்தன. ஆம்பூரின் காலணி ஏற்றுமதியாளரைப் போன்ற வாடிக்கையாளர் இடத்துக்கும் மின்னஞ்சலுக்கும் பணம் செலுத்துவார். உள்ளே இயங்கும் வழங்கலின் பெயரை அறிய அவருக்குத் தேவை எழுவதில்லை. பெரும்பாலும் அது சென்ட்ஓஎஸ். சேவையக மேலாண்மைக்குப் பரவலாகப் பயன்பட்ட சிபேனல் மென்பொருள் சென்ட்ஓஎஸ்ஸைச் சார்ந்தே வளர்ந்தது இதற்கு ஒரு காரணம். ரெட் ஹாட் நிறுவனப் பதிப்பின் மூலநிரலிலிருந்து 2004 முதல் கட்டணமின்றி உருவாக்கப்பட்ட வழங்கல் அது. 2014இல் ரெட் ஹாட்டே அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2019இல் ரெட் ஹாட் ஐபிஎம் வசமாயிற்று.

2019 செப்டம்பரில் வெளியான சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை பேணப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2020 டிசம்பர் 8 அன்று அவ்வுறுதி 2021 டிசம்பர் 31ஆகச் சுருக்கப்பட்டது. ஏழாண்டுகளுக்கும் மேற்பட்ட பேணற்காலம் ஓர் அறிவிப்பில் மறைந்தது. ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய மாற்றுகள் 2021இலேயே வெளிவந்தன என்பது திறந்த மூலத்தின் வலிமைக்குச் சான்று. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் மூலநிரலைப் பொதுவில் வெளியிடும் முறையைக் குறுக்கியது. மாற்றுகளும் வேறு வழி தேட நேர்ந்தது. கட்டணமில்லாப் படிமத்தின் பேணல் எத்தனை கைகளைச் சார்ந்துள்ளது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

ஆவணங்கள் குறித்து

எல்காட்டின் தேர்வை இன்றும் ஆராய இயலும். அரசுக் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியின் வழி நடந்தது, காரணங்கள் பொதுவெளியில் கூறப்பட்டன, எதிர்ப்பும் பதிவாயிற்று. மேகக் கணிமையின் பட்டியலில் ஒரு பெயரைச் சுட்டும் செயலோ காரணக் குறிப்பு எதனையும் விட்டுச்செல்வதில்லை. வரலாற்று ஆய்வாளருக்கு எஞ்சுவன மாதாந்தரக் கட்டணச் சீட்டுகளும், இணையதளம் அமைத்தவருடன் நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தமுமே. ஆம்பூர்ப் பகுதித் தொழில் நிறுவனங்களின் கணக்கறைகளில் தோல் கொள்முதல் ஏடுகளைத் தேடும் ஆய்வாளர்கள் இச்சீட்டுகளையும் சேர்த்துத் தொகுப்பது பயனுடையது.

சென்ட்ஓஎஸ் 7இன் பேணற்காலம் 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அன்றிரவு எந்தச் சேவையகமும் தானாக நின்றுவிடவில்லை. இணையப்பக்கங்கள் திறந்தன, மின்னஞ்சல்கள் சென்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரவில்லை.